கல்விச் சான்றும் கடல் கடந்த வேலையும்

ஜொகூர் மாநிலத்தின் தென்கரையில், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரை நோக்கி நிற்கும் துறைமுக நகரம் பாசிர் கூடாங். மலாய் மொழியில் பாசிர் என்பது மணல். கூடாங் என்பது பண்டங்களை அடுக்கி வைக்கும் கிடங்கு. கூடாங் என்னும் இச்சொல் தமிழின் கிடங்கு, தெலுங்கின் கிட்டங்கி ஆகிய சொற்களோடு உறவுடையது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். வணிகரோடு கப்பலேறி வந்து மலாய் மொழியில் குடியேறிய அச்சொல், ஆங்கிலத்தின் வழியாகக் குடோன் என்னும் உருவில் தமிழ்நாட்டுக்கே திரும்பியும் சென்றுவிட்டது. சொல் குடியேறுவது எளிது. அதனிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. மனிதர் குடியேறுவது அத்துணை எளிதன்று.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரையில் மீனவர் குடியிருப்பும் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால் தொழில் நகரமாயிற்று. கப்பல் கட்டும் பட்டறை எழுந்தது. 1977ஆம் ஆண்டில் துறைமுகம் திறக்கப்பட்டது. செம்பனை எண்ணெய்த் தொட்டிகளும் இரசாயன ஆலைகளும் இரும்புப் பட்டறைகளும் அடுத்தடுத்துத் தோன்றின. 2020ஆம் ஆண்டில் மாநகரத் தகுதியும் கிடைத்தது. இத்தகைய ஊருக்குப் பல நாட்டு மக்களும் வேலை தேடி வருவது இயல்பே. தமிழ்நாட்டிலிருந்து வருவோரும் அவர்களுள் உளர். அவர்களில் பலருடைய பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் சில தாள்கள் இருக்கும். ஐ.டி.ஐ. சான்றிதழ், பாலிடெக்னிக் பட்டயம், பொறியியற் பட்டம் என அவை பலவகைப்படும். அவற்றைப் பெறுவதற்காகத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கலாம். தந்தையின் நிலம் கைமாறியிருக்கலாம்.

இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் வேறு நாடுகளுக்கும் சென்று பட்டம் பெற்றுத் திரும்புகின்றனர். இங்கே படித்து வேலைக்காக அயல்நாடு செல்வோரும் பலர். ஆகவே வெளிநாட்டுச் சான்று என்னும் பொருள் வந்தவருக்கு மட்டும் உரியதன்று. நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் உரியது. ஓர் ஊரில் மதிப்புப் பெற்ற தாள் வேறோர் ஊரில் ஏன் மதிப்பிழக்கிறது? அதே தாள் ஒருவருக்குக் கதவைத் திறக்க, மற்றொருவரை வாயிலிலேயே நிறுத்துவது ஏன்? இவற்றுக்கு விடை தெரிந்திருப்பது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இன்றியமையாதது.

முன்னோர் வந்த வழி

இந்தக் கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் ஒரு செமினரியை நிறுவினர். அங்குப் பயின்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிப் பழந்தமிழ் நூல்களைக் காத்த பெரியாராக அவரைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவர் அதே செமினரியிற் பயின்ற விசுவநாதபிள்ளை. கடல் கடந்து வந்த இருவரே சென்னையின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று. அவர்களைச் சென்னையில் உயர்த்தியது வட்டுக்கோட்டைச் சான்று மட்டுமன்று. வட்டுக்கோட்டைக் கல்வி அவர்களை ஆயத்தம் செய்தது. சென்னை வைத்த தேர்வை எழுதிச் சென்னையின் அளவுகோலாலேயே அவர்கள் அளக்கப்பட்டனர். கற்ற இடம் ஒன்று, அளந்த இடம் மற்றொன்று.

அடுத்து மலாயாவைக் காண்போம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் இரயில்பாதை திறக்கப்பட்டது. இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் அறிந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் பயின்ற இளைஞர்கள் அப்பணிகளுக்கு வந்தனர். அவர்களுடைய சான்றிதழை இங்கு எவரும் ஐயுறவில்லை. காரணம் வெளிப்படை. அக்கரையிலும் இக்கரையிலும் ஆட்சி செய்தவர் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் தேர்வு இலங்கையிலும் நடந்தது, மலாயாவிலும் நடந்தது. மரக்கால் ஒன்றாக இருந்ததால் நெல்லை மறுபடியும் அளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் தோட்டங்களுக்கு வந்த தமிழாசிரியரின் நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தார். நிகண்டும் நன்னூலும் கற்று வந்தவரும் அவர்களிடையே இருந்தனர். எனினும் அக்கல்வியை அளப்பதற்குத் தோட்டத்துக்கு வெளியே மரக்கால் இல்லை. கற்றவரும் கல்லாதவரும் ஏறத்தாழ ஒரே கூலியில் நின்றனர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப் பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. அதன்பின் அரசாங்கப் பயிற்சியே ஆசிரியர்க்குரிய தகுதி என்னும் நிலை படிப்படியாக உறுதியாயிற்று. பழைய ஆசிரியர் பலர் நடுவயதில் மீண்டும் மாணவராகிப் பயிற்சி வகுப்புக்குச் சென்றனர். அவர்கள் கற்றது குறைந்துவிட்டதா? இல்லை. அளவுகோல் மாறிற்று.

இவ்விரு வரலாறுகளும் காட்டும் உண்மை ஒன்றே. சான்றிதழின் மதிப்பு அதைக் கொடுத்தவரின் கையில் மட்டும் இல்லை. அதைப் பெற்றுக்கொள்பவர் அதன் அளவை ஏற்றிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

நான்கு கேள்விகள்

ஒருவர் வெளிநாட்டுச் சான்றோடு பாசிர் கூடாங்கில் வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நோக்கி நான்கு கேள்விகள் எழுகின்றன. இவை நான்கும் வேறு வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றுக்கு விடையாகாது. ஏமாற்றங்களில் பல இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவன.

முதற் கேள்வி: தாள் மெய்யானதா? நோட்டரியின் முத்திரையும் வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் இக்கேள்விக்கு மட்டுமே விடை கூறுகின்றன. கையெழுத்து உண்மை, முத்திரை உண்மை என்பதே அவற்றின் பொருள். படிப்பின் தரம் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 'எல்லாத் தாளிலும் முத்திரை வாங்கிவிட்டேன்' என்று மகிழ்பவர் நான்கு வாயில்களுள் ஒன்றைத்தான் கடந்திருக்கிறார்.

இரண்டாம் கேள்வி: இப்படிப்பு இந்நாட்டின் எந்தப் படிக்குச் சமம்? மலேசியாவில் கல்வித் தகுதிகளுக்கு எட்டுப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்று திறன் சான்றிதழ்களை உள்ளடக்கியவை, நான்காவது பட்டயம், ஆறாவது இளநிலைப் பட்டம், ஏழாவது முதுநிலை, எட்டாவது முனைவர் பட்டம். இவ்வமைப்பைப் பேணுவது 2007ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியத் தகுதிகள் ஆணையம். எம்.க்யூ.ஏ. என்னும் எழுத்துகளால் அது யாவரும் அறிந்தது.

மூன்றாம் கேள்வி: அத்தொழிலைச் செய்ய உரிமை உண்டா? மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழில்களுக்குத் தனித்தனிச் சட்டமும் பதிவு மன்றமும் உண்டு. பொறியாளர் பதிவுச் சட்டம் 1967ஆம் ஆண்டிலும், மருத்துவச் சட்டம் 1971ஆம் ஆண்டிலும், வழக்கறிஞர் தொழிற் சட்டம் 1976ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டவை. படிப்பு சமமானதென்று ஆணையம் கூறினும், மன்றத்தின் ஏட்டில் பெயர் ஏறாவிடில் அத்தொழிலைச் செய்ய இயலாது. ஆனால் எல்லா வேலைக்கும் மன்றம் இல்லை. விற்பனை, கணினி, கிடங்கு மேற்பார்வை, சரக்குப் போக்குவரத்துக் கணக்கு முதலிய பணிகளில் முதலாளியின் மதிப்பீடே முடிவு. அங்கே அனுபவமும் பேச்சுத்திறனும் தாளைவிட அதிகம் பேசும்.

நான்காம் கேள்வி: இந்நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா? இது கல்வியைப் பற்றியதே அன்று, குடிநுழைவைப் பற்றியது. எத்துணைப் பெரிய பட்டமும் வேலை அனுமதியாகாது.

பொறியாளர் இருவர்

இரண்டாம், மூன்றாம் கேள்விகள் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதற்குப் பொறியியல் நல்ல எடுத்துக்காட்டு. 1989ஆம் ஆண்டில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியாளர் அமைப்புகள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒரு நாடு தரம் பார்த்து ஏற்ற பொறியியற் பட்டப்படிப்பைப் பிற நாடுகளும் கல்வியளவில் நிகரானதாகக் கொள்ளும் என்பது அதன் சாரம். இது வாஷிங்டன் உடன்பாடு எனப்படும். சிங்கப்பூர் 2006ஆம் ஆண்டிலும், மலேசியா 2009ஆம் ஆண்டிலும், இந்தியாவும் இலங்கையும் 2014ஆம் ஆண்டிலும் இதில் முழு உறுப்பு நாடுகளாயின.

இதைக் கேட்டவுடன், 'இந்தியப் பொறியியற் பட்டம் எங்கும் செல்லும்' என்று முடிவு கட்டுவது தவறு. உடன்பாடு நாட்டை ஏற்கவில்லை, கல்லூரியை ஏற்கவில்லை, பட்டத்தின் பெயரையும் ஏற்கவில்லை. தரமதிப்பீடு பெற்ற ஒரு குறிப்பிட்ட படிப்பை, அம்மதிப்பீடு நடப்பில் இருந்த ஆண்டுகளுக்கு மட்டும் ஏற்கிறது. இந்தியாவில் அம்மதிப்பீட்டைச் செய்வது தேசிய தரமதிப்பீட்டு வாரியம். அவ்வாரியம் கல்லூரிகளை இரு அடுக்காகப் பிரித்து மதிப்பிடுகிறது. முதல் அடுக்கில் மதிப்பீடு பெற்ற படிப்புகளே வாஷிங்டன் உடன்பாட்டுக்குள் வருகின்றன.

எனவே ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே இயந்திரவியலைப் படித்த இருவர் பாசிர் கூடாங்கின் ஒரே தொழிற்சாலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒருவருடைய பட்டம் தடையின்றி ஏற்கப்படும். மற்றவர் மேலும் ஆவணங்கள் காட்டவோ தேர்வு எழுதவோ நேரும். இரண்டாமவர் அறிவில் குறைந்தவர் என்று இதற்குப் பொருளில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளில் எவரும் அவருக்கு ஒரு கேள்வியைக் கற்றுத் தரவில்லை, அவ்வளவே. 'இக்கல்லூரி அங்கீகாரம் பெற்றதா?' என்று கேட்டால் ஆம் என்றே விடை வரும். 'இந்தத் துறையின் படிப்பு எவரால், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தரமதிப்பீடு பெற்றுள்ளது?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மேலும், வாஷிங்டன் உடன்பாடு பட்டப்படிப்புக்கு உரியது. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் அதன் பெயரால் உரிமை கோர இயலாது.

மருத்துவர் கண்ட மாற்றம்

ஏற்பு என்பது ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைப்பது என்று எண்ணுதலும் பிழை. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை நெடுங்காலம் ஏற்று வந்தது. பிரசவ மருத்துவப் பயிற்சி போதாது என்பது முதலான குறைகள் எழுந்தன. இந்தியா முழுமைக்கும் தரத்துக்குப் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இல்லை என்று கூறி, 1930ஆம் ஆண்டில் அம்மன்றம் தன் ஏற்பை நிறுத்திற்று. பட்டம் பெற்றவர் அதே மனிதர். கற்ற நூல்களும் அவையே. ஆயினும் அவர்களுடைய தாளின் மதிப்பு கடலுக்கு அப்பால் ஒரே நாளில் மாறிற்று. இந்தியாவில் பெருஞ்சினம் எழுந்தது. அதன் விளைவாக 1933ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது. ஏற்பும் பின்னர் மீண்டது. 1975ஆம் ஆண்டில் பிரிட்டன் இந்தியப் பட்டங்களுக்குரிய நேரடி ஏற்பை மீண்டும் விலக்கியது. அதன்பின் வருவோர்க்குத் தேர்வு வைக்கும் முறை வந்தது.

மலேசியாவிலும் மருத்துவச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலே நெடுங்காலம் அடிப்படையாக இருந்து வந்தது. பட்டியலில் சில கல்லூரிகள் சேர்க்கப்பட்டதும் உண்டு. சில நீக்கப்பட்டதும் உண்டு. 2005ஆம் ஆண்டில் உக்ரேன் நாட்டுக் கிரிமிய மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஏற்பை நிறுத்த முடிவாயிற்று. அங்குப் பிள்ளைகளை அனுப்பியிருந்த மலேசியப் பெற்றோர், இந்தியர் உட்பட, கலங்கி நின்றதைப் பலர் நினைவு கூர்வர். அண்டை வீட்டுப் பிள்ளை பத்தாண்டுக்கு முன் எங்குப் படித்தான் என்பது வழிகாட்டியாகாது. சேரும் ஆண்டில் விதி என்ன, தேறும் ஆண்டிலும் அது நிலைக்குமா என்று மன்றத்திடமே எழுதிக் கேட்டல் வேண்டும்.

கையே சான்றாகும் இடம்

இனிப் பாசிர் கூடாங்கின் கப்பல் பட்டறைக்கு வருவோம். இங்கே வேறு வகையான அளவுகோல் ஆட்சி செய்கிறது. வெல்டர் ஒருவர் ஊரிலிருந்து பத்துச் சான்றிதழ்கள் கொண்டு வரலாம். அவை நேர்முகத்துக்கு அழைப்புப் பெற்றுத் தரும்; வேலையைப் பெற்றுத் தாரா. பட்டறையில் அவர் கையில் ஒரு சோதனைத் தகட்டையோ குழாயையோ கொடுப்பர். கடினமான சோதனையில் குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்தி வைப்பர். குழாயைத் திருப்பாமல், தாமே குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வந்து அதை இணைத்தல் வேண்டும். பின்னர் அவ்விணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பர். அல்லது துண்டாக வெட்டி வளைத்துப் பார்ப்பர். உள்ளே காற்றுக்குமிழோ கசடோ வெடிப்போ விதி விட்ட அளவை மீறினால் தோல்வி. கப்பல் வேலையாயின், கப்பல்களைத் தரம் பிரித்துப் பதியும் சங்கத்தின் ஆய்வாளர் உடன் நின்று பார்ப்பதும் உண்டு.

கொதிகலன், அழுத்தக் கலன், குழாய்ப் பணிகளில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு உலகெங்கும் வழங்குகிறது. அதன்படி, ஒருவகை வெல்டிங்கில் தேறியவர் 6 மாத காலம் அவ்வகை வேலையைச் செய்யாதிருந்தால் அவருடைய தேர்ச்சி காலாவதியாகிவிடும். ஊரில் தேறி, விசாவுக்காக எட்டு மாதம் காத்திருந்து வந்தவருடைய சான்றை இவ்விதி செல்லாததாக்கிவிடலாம். கை மறந்துவிடும் என்பதே இவ்விதியின் அடிப்படை. இவ்வுண்மையை அறிந்தவர் காத்திருக்கும் காலத்திலும் ஏதேனும் ஒரு பட்டறையில் கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருப்பார்; செய்த வேலைக்கு நாட்குறிப்பும், மேற்பார்வையாளர் கையொப்பமும் வாங்கி வைப்பார்.

துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களில் பணிபுரியும் அதிகாரிகளின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றுக்கும் ஒரே அளவை வகுத்தது. ஒரு நாடு தந்த தகுதிச் சான்றுக்கு, கப்பலின் கொடி எந்நாட்டினதோ அந்நாடு ஏற்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அதிகாரி அக்கப்பலில் பணியாற்றலாம். கடல் எல்லோருக்கும் பொது என்பதால் அளவையும் பொதுவாக்க உலகம் முன்வந்தது போலும்.

தாள் இல்லாத கைத்திறனுக்கும் இந்நாட்டில் வழி உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், பல்லாண்டு வேலை செய்து பழகிய உள்நாட்டுத் தொழிலாளி தம் அனுபவத்துக்குச் சான்று காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். தோட்டத்திலிருந்து பெயர்ந்து தொழிற்பேட்டைக்கு வந்த நம்மவர் பலருக்கு இவ்வழி இருப்பதே தெரியாது.

தகுதி வேறு, அனுமதி வேறு

நான்காம் கேள்வியை மறந்தவர் பட்ட துன்பம் பெரிது. 1968ஆம் ஆண்டில் இந்நாட்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று. அடுத்த ஆண்டுக்குப் பின் அது கடுமையாகச் செயற்பட்டபோது, முப்பது நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கைகளும் அனுமதித் தாள் இன்மையால் வேலை இழந்தன. பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களிடம் திறமை இல்லையென்று எவரும் கூறவில்லை. விண்ணப்பம் செய்திருந்தால் குடியுரிமை பெற்றிருக்கக்கூடிய பலரும் அவர்களுள் இருந்தனர்.

இன்று வருவோருக்கும் இது பொருந்தும். பொதுத் தொழிலாளருக்குரிய தற்காலிக அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்கும் கட்டுப்பட்டது. 'இப்போதைக்கு இதில் உள்ளே போ தம்பி, போனபின் உன் படிப்புக்கேற்ற வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜெண்டு சொல்லும் சொல் பெரும்பாலும் காற்றில் எழுதிய எழுத்து. சுற்றுலா அனுமதியில் வந்து வேலை செய்தல் குற்றம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இதே ஜொகூரின் பெங்கராங் வட்டாரத்தில், வாக்களித்த வேலை கிடைக்காத 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் புகார் கொடுப்பதற்காகக் காவல் நிலையம் நோக்கி நடந்தனர். வழியிலேயே தடுத்து வைக்கப்பட்டனர். முறையிடச் சென்றவரே பிடிபட்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் முறைப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அதிகாரியின் ஒப்புதல் பெறல் வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளுக்கு உரிம எண் உண்டு. அவ்வெண்ணைக் கேட்கத் தயங்குவது மரியாதையன்று; பேதைமை.

அளவுகோல் கோணலானால்

அளப்பவர் சொல்வதே நியாயம் என்று இதுவரை கூறியதற்குப் பொருள் கொள்ளலாகாது. அளவுகோலும் கோணலாக இருக்கக்கூடும். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து கனடா சென்ற தமிழர் பெருந்தொகையாக ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறினர். பொறியாளராக வந்தவரிடம், 'கனடிய அனுபவம் உண்டா?' என்று கேட்டனர். அங்கு வேலை பெறாமல் அனுபவம் பெறுவது எங்ஙனம்? நீச்சல் தெரிந்தபின் ஆற்றில் இறங்கு என்பது போன்ற விதி அது. பல நாட்டுக் குடியேறிகள் விடாது வற்புறுத்தி வந்தனர். ஒன்ராறியோவில் 2006ஆம் ஆண்டில் தொழிற்பதிவில் நேர்மையை வலியுறுத்தும் சட்டம் பிறந்தது. 2023ஆம் ஆண்டில் அம்மாகாணப் பொறியாளர் அமைப்பு கனடிய அனுபவம் வேண்டும் என்னும் விதியைக் கைவிட்டது. 1930ஆம் ஆண்டு மருத்துவ வழக்கில் மருத்துவ மன்றம் பிறந்தது. இங்கே விதியே திருந்தியது. தனி ஒருவரின் புலம்பல் அளவுகோலை நேராக்குவதில்லை. அமைப்பாக நின்று சட்டத்தின் வழியாகக் கேட்பதே நேராக்குகிறது.

ஆசிரியர் கையிலிருக்கும் முதற் சான்று

இவற்றிலெல்லாம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பெரும் பங்கு உண்டு. ஒருவருடைய சான்றுகளின் வரிசையில் முதலாவது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு.

தமிழ்ப் பெயரமைப்பு வேறு. உலகத்துப் படிவங்கள் வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றில் க. முருகன் என்று தலையெழுத்தோடு இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அங்கே தந்தையின் பெயர் விரிந்து கந்தசாமி என ஏறும். கல்லூரிச் சான்றில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மலேசிய அடையாள அட்டையிலோ, இன்னார் மகன் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொற்களின் குறுக்கம் நடுவில் நிற்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதையும் பெயரின் பகுதியாக்கிவிடும். ரோமன் எழுத்தில் ஒரே பெயரை மூன்று வகையாக எழுதும் வழக்கமும் நம்மிடம் உண்டு. படித்தவரும் பதிவு செய்ய வந்தவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க இதனால் சத்தியப் பிரமாணமும் மாதக் கணக்கில் காத்திருத்தலும் நேர்கின்றன. பிறந்த நாளைச் சேர்க்கை வசதிக்காக மாற்றி எழுதிய பழைய வழக்கம் முப்பதாண்டு கழித்து ஒருவரின் வேலையைப் பறிக்கக்கூடும்.

ஆதலின் மேல்வகுப்பு மாணவர்க்கு நான்கு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தல் நலம். பிறப்புச் சான்றில் உள்ளபடியே பெயரை எழுத்துப் பிசகாமல் எல்லாத் தாளிலும் எழுதுதல் முதலாவது. பட்டத்தோடு நில்லாமல், பாடவாரியான மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் கல்லூரியை விட்டு வரும் நாளிலேயே வாங்கி வைத்தல் இரண்டாவது. பத்தாண்டு கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது. எந்தப் படிப்பில் சேரும் முன்னும், எந்த நாட்டுக்குச் செல்லும் முன்னும், அங்கே அளப்பவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடமே கேட்டல் மூன்றாவது. மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படையாமை நான்காவது. காட்டலாம், படி கொடுக்கலாம், ஏஜெண்டின் பெட்டியில் விட்டு வரலாகாது.

வந்த இடத்தில் முதலில் சிறிய வேலை கிடைத்தால் அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அது படியா, குழியா என்று அறிதல் வேண்டும். பதிவுக்குரிய தேர்வை எழுத நேரம் விடும் வேலை படி. மலாயும் ஆங்கிலமும் பழக இடம் தரும் வேலை படி. அனுமதித் தாளைப் பிறர் பூட்டி வைத்திருக்கும் வேலை குழி.

பாசிர் கூடாங்கில் ஒவ்வொரு மாலையும் ஆலைச் சங்கு ஊதியபின் வெளியேறும் கூட்டத்தில், தாம் கற்றதைப் பயன்படுத்த இயலாமல் இருப்போரும் இருக்கிறார்கள். அவர்கள் கல்வி வீண் என்று நம் பிள்ளைகள் முடிவு கட்டிவிடலாகாது. கல்வி வீணாகவில்லை, உரிய நேரத்தில் உரிய கேள்வி கேட்கப்படவில்லை. அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.